மில்லுக்குள் இருக்கும் நிலம் பங்கின் விலையைத் தூக்குமா?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றேன். பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு நூற்பாலையின் 200 பங்குகள் என்னிடம் உள்ளன. "பேலன்ஸ் ஷீட்டில் நிலம் 3.20 கோடி என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஊருக்குள் 40 ஏக்கர். இன்றைக்கு 300 கோடிக்குக் குறையாது. இன்னும் வாங்கிப் போடுங்கள் மாமா" என்கிறார் என் மருமகன். பங்கின் விலை 78 ரூபாய், புத்தக மதிப்பு (கணக்குப்படி ஒரு பங்குக்கு வரும் நிகரச் சொத்து) 94 ரூபாய். ஓய்வுக்காலப் பணத்திலிருந்து 6 லட்சம் போடலாமா என்று யோசிக்கிறேன். 2024-25 ஆண்டறிக்கையில் இயந்திரங்கள் 214 கோடி, தேய்மானம் 118 கோடி, மீதி 96 கோடி என்று இருக்கிறது. அப்படியென்றால் பாதிக்குச் சற்று மேல்தானே தேய்ந்திருக்கிறது? கழித்த தேய்மானத் தொகையை எங்கே வைத்திருப்பார்கள்? 'நடந்துகொண்டிருக்கும் மூலதனப் பணி' 38 கோடி என்பது என்ன? அறிக்கைகளின் நகல்களை இணைத்துள்ளேன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்)

பதில்: ஐயா, வணக்கம். பங்கை வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியவர் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். நான் ஆடிட்டர். அந்த எண்கள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன். 2015-16 அறிக்கையையும் தேடி எடுத்து இணைத்திருந்தீர்களே, அது இல்லாவிட்டால் இந்தப் பதிலில் பாதி எழுதியிருக்க முடியாது.

பேலன்ஸ் ஷீட்டில் 'பிராப்பர்ட்டி, பிளான்ட் அண்ட் எக்விப்மென்ட்' என்ற தலைப்பில் 130 கோடி இருக்கிறது. நிலம் 3.20, கட்டடம் 28, இயந்திரம் 96, வாகனம் 2.30, மேசை நாற்காலி கணினி எல்லாம் சேர்த்து 0.50. இந்த 130 கோடி, விற்றால் கிடைக்கும் தொகை அல்ல. மறுபடி வாங்க ஆகும் தொகையும் அல்ல. என்றோ செலவழித்த பணத்தில், லாப நட்டக் கணக்கில் இன்னும் செலவாக எழுதாமல் மிச்சம் வைத்திருக்கும் தொகை, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

2 கோடிக்கு ஒரு இயந்திரம் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். அதன் விலை, இறக்குமதி வரி, லாரி வாடகை, அடித்தளம் போட்ட செலவு, பொருத்திய கூலி எல்லாம் அந்த 2 கோடிக்குள் அடங்கும். திரும்பக் கிடைக்கும் ஜி.எஸ்.டி. மட்டும் சேராது. 2013 நிறுவனச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் சொல்கிறது. கடைசியில் பழைய இரும்பாக மிஞ்சும் மதிப்பு பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆக 10 லட்சத்தைத் தள்ளிவிட்டு 1 கோடியே 90 லட்சத்தை 15 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 12 லட்சத்து 67 ஆயிரம் சொச்சம். ஆண்டுதோறும் செலவாக எழுதும் இந்தத் தொகைதான் தேய்மானம். ஐந்து ஆண்டு கழித்துப் புத்தகத்தில் சுமார் 1 கோடியே 37 லட்சம் நிற்கும். அதே இயந்திரத்தை அன்று வாங்க வருபவர் இந்தக் கணக்கைக் கேட்கமாட்டார். எத்தனை மணி நேரம் ஓடியது, உதிரி பாகம் கிடைக்கிறதா என்றுதான் கேட்பார்.

கழித்த தேய்மானம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எங்கும் இல்லை ஐயா. 118 கோடி என்பது பெட்டியில் எடுத்து வைத்த பணம் அல்ல, எழுதித் தீர்த்த செலவின் கூட்டுத்தொகை. தேய்மானம் எழுதும்போது கையை விட்டுப் பணம் போகாது என்பது உண்மைதான். அதனால் அந்த அளவு பணம் வியாபாரத்துக்குள்ளேயே தங்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது பஞ்சாக மாறியிருக்கலாம், கடனை அடைத்திருக்கலாம், வராத பாக்கியாகவும் நிற்கலாம். நாளை புது இயந்திரம் வாங்க அந்தத் தொகை காத்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட நாள் பங்கு வைத்திருப்பவர்களிடம்கூட இந்தத் தவறான நம்பிக்கையைப் பார்க்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 214-ல் 118 போனால் 55 சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரி, முடிவு சரியில்லை. காரணம் கணக்கியல் கொள்கைகள் குறிப்பில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. '1.4.2016 அன்று இருந்த நிகர மதிப்பை டீம்ட் காஸ்ட்டாக எடுத்துக்கொள்ள நிறுவனம் முடிவு செய்துள்ளது' என்கிறது அது.

பட்டியலிட்ட நிறுவனங்கள் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் கட்டம் கட்டமாக இண்ட் ஏ.எஸ். என்ற புதிய கணக்கியல் முறைக்கு மாறின. அப்போது ஒரு சலுகை தரப்பட்டது. பழைய சொத்துகளுக்கு, மாறும் நாளில் புத்தகத்தில் நின்ற நிகர மதிப்பையே புது அடக்கவிலையாக, அதாவது டீம்ட் காஸ்ட்டாக, வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி இதில் தவறு எதுவும் இல்லை. நிறையப் பேர் செய்தார்கள். ஆனால் அன்றுவரை எழுதிய தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. பத்து வயது இயந்திரம் அன்று பிறந்ததுபோல் கணக்கில் நிற்கிறது.

உங்கள் 2015-16 அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இயந்திரங்களின் அசல் விலை 310 கோடி, அதுவரை தேய்மானம் 142 கோடி, நிகரம் 168 கோடி. அந்த 168 தான் அடுத்த நாள் 'மொத்த மதிப்பு' என்ற பத்தியில் போய் உட்கார்ந்தது. பிறகு ஒன்பது ஆண்டில் 46 கோடிக்குப் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 214. உண்மையான கணக்கு வேண்டுமென்றால் அசல் விலை 310-உம் 46-உம் சேர்த்து 356 கோடி. தேய்மானம் 142-உம் 118-உம் சேர்த்து 260 கோடி. ஆக 73 சதவீதம் தேய்ந்துவிட்டது. இடையில் விற்றவை இருந்தால் எண் கொஞ்சம் மாறும், படம் மாறாது. நூற்பாலைகளில் பல, 1999-ல் வந்த டஃப் என்ற ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தின் வட்டி மானியத்தை வைத்துக் கடன் வாங்கி இயந்திரம் போட்டவை. உங்கள் மில்லும் அப்படித்தான் என்று பழைய அறிக்கையின் கடன் குறிப்பில் இருக்கிறது.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். இயந்திரத் தேய்மானம் ஆண்டுக்குச் சராசரி 13 கோடி. புதிதாக வாங்கியது ஆண்டுக்குச் சராசரி 5 கோடி. தேய்வதில் பாதியைக்கூட ஒன்பது ஆண்டாக நிரப்பவில்லை. போதாததற்கு, தேய்மானம் எழுதப்படுவது பழைய விலையில். புது இயந்திரம் வாங்க வேண்டியது இன்றைய விலையில். இப்போது தெரியும் லாபத்தில் ஒரு பங்கு, செய்யாமல் தள்ளிப்போட்ட செலவு என்பது என் கருத்து. இப்படிப்பட்ட மில்லில் விற்பனையை நிகரச் சொத்தால் வகுத்துப் பார்த்தால் விகிதம் அழகாக வரும். வகுக்கும் எண் சிறுத்துப்போனதால் வரும் அழகு அது. அந்த விகிதத்தைக் காட்டி யாராவது 'திறமையான நிர்வாகம்' என்றால் இயந்திரத்தின் வயதைக் கேளுங்கள்.

ஆயுள் விஷயத்தில் நிர்வாகத்துக்கு இருக்கும் சுதந்திரத்தையும் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன இரண்டாவது அட்டவணையில் கணினிக்கு 3 ஆண்டு, மேசை நாற்காலிக்கு 10 ஆண்டு, காருக்கு 8 ஆண்டு, தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30 ஆண்டு என்று இருக்கிறது. தொழில்நுட்ப ஆலோசனையின்பேரில் வேறு ஆயுளும் வைத்துக்கொள்ளலாம், அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். பொது இயந்திரத்தை மூன்று ஷிஃப்ட் ஓட்டினால் அந்தக் காலத்துக்குத் தேய்மானம் இரட்டிப்பாகும். அதையே 24 மணி நேரமும் ஓட வேண்டிய தொடர் இயக்க ஆலை என்று வகைப்படுத்தினால் ஆயுள் 25 ஆண்டு, ஷிஃப்ட் கணக்கு கிடையாது. ஒரே மாதிரி இரண்டு மில், இரண்டு விதமாக வகைப்படுத்தினால் லாபமே வேறாகத் தெரியும். அதனால் பக்கத்து மில்லோடு ஒப்பிடும் முன் இரண்டின் கொள்கைக் குறிப்பையும் வாசியுங்கள்.

இந்தச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்திச் சிக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டி, கடைசி மதிப்பையும் ஏற்றிக் காட்டித் தேய்மானத்தைக் குறைத்தது. 1998-ல் பழைய ஆண்டுகளின் லாபத்தில் சுமார் 170 கோடி டாலரைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. வேர்ல்டுகாம் செய்தது வேறு வகை. மற்றத் தொலைபேசி நிறுவனங்களுக்கு அன்றாடம் கொடுக்கும் இணைப்புக் கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதியது. 380 கோடி டாலர் அளவுக்கு இப்படி எழுதியிருப்பதாக 2002 ஜூனில் ஒப்புக்கொண்டது, அடுத்த மாதமே திவால் மனு போட்டது. உங்கள் மில் அப்படி என்று நான் சொல்லவில்லை. பழுதுபார்ப்புச் செலவு திடீரென்று குறைந்து, அதே ஆண்டில் 'இயந்திரச் சேர்ப்பு' கூடினால் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் நகல்களில் அந்த அறிகுறி இல்லை.

என்னை மிகவும் உறுத்துவது 'நடந்துகொண்டிருக்கும் மூலதனப் பணி' என்று நீங்கள் கேட்ட அந்த 38 கோடிதான். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம், பொருத்தி முடியாத இயந்திரம், அதற்காக வாங்கிய கடனின் வட்டி எல்லாம் வேலை முடியும்வரை இந்தத் தலைப்பில் நிற்கும். உபயோகத்துக்கு வராததால் தேய்மானமும் கிடையாது. 2021-22 முதல் இதற்கு வயதுவாரி அட்டவணை கொடுக்க வேண்டும் என்று நிறுவனச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் திருத்தம் வந்தது. முதலீட்டாளருக்கு இதைவிட உபயோகமான திருத்தம் சமீபத்தில் வரவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் அறிக்கையின் அட்டவணை சொல்வது இது: ஓராண்டுக்குள் 2 கோடி, ஒன்று முதல் இரண்டு ஆண்டு 3 கோடி, இரண்டு முதல் மூன்று ஆண்டு 4 கோடி, மூன்று ஆண்டுக்கு மேல் 29 கோடி.

நூற்பாலையில் ஒரு விரிவாக்கம் மூன்று ஆண்டுக்கு மேல் முடியாமல் கிடப்பது இயல்பான விஷயம் அல்ல. வேலை நின்றுவிட்டதா? நின்றிருந்தால் 'தற்காலிகமாக நிறுத்தப்பட்ட திட்டங்கள்' என்ற தனி வரியில் காட்டியிருக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்த வரி 'இல்லை' என்கிறது. சரி, வேலை நடக்கிறது என்றால் ஓராண்டில் 2 கோடிதானா செலவாகும்? இன்னொன்று, வேலை நீண்ட நாள் நின்றிருக்கும் காலத்தில் கடன் வட்டியைச் சொத்தோடு சேர்க்கக் கூடாது, லாப நட்டக் கணக்கில்தான் எழுத வேண்டும். இந்த ஆண்டு சேர்ந்த 2 கோடியில் வட்டி எவ்வளவு என்பதை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அந்தக் கட்டடமும் இயந்திரமும் இனி உதவாது என்று தெரிந்தால், மீட்கக்கூடிய மதிப்புக்கு அதைக் குறைத்து எழுதும் கடமையும் நிர்வாகத்துக்கு இருக்கிறது.

குறைத்து எழுதினால் உங்களுக்கு என்ன ஆகும்? நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 1.45 கோடி. 29 கோடியை அதால் வகுத்தால் பங்குக்கு 20 ரூபாய். வரி விளைவை விட்டுவிட்டுப் பார்த்தால் புத்தக மதிப்பு 94-லிருந்து 74 ஆகும். பங்கின் விலை 78. புத்தக மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கிறது என்ற வாதம் அந்த ஒரு வரியிலேயே கரைந்துபோகிறது. முழுத் தொகையும் வீண் என்று யாரும் இன்று சொல்ல முடியாது. ஆனால் 6 லட்சம் போடப் போகிற நீங்கள் அது பாதியாவது வீணாகலாம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

நிலத்துக்கு வருவோம். மருமகன் சொல்வதில் அடிப்படை உண்மை இருக்கிறது. நிலத்துக்குத் தேய்மானமும் கிடையாது, வாங்கிய விலையிலிருந்து தானாக ஏற்றமும் கிடையாது. அந்தக் காலத்தில் ஏக்கர் சில ஆயிரத்துக்கு வாங்கிய நிலம் அப்படியே நிற்கும். மும்பை லோயர் பரேலில் பீனிக்ஸ் மில்ஸ் 1905-ல் நூல் நூற்கத் தொடங்கிய நிறுவனம். அந்த மில் வளாகம்தான் இன்று பெரிய வணிக வளாகம். மில் நிலம் பங்குதாரருக்குச் செல்வமாக மாறியதே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் அங்கே நிலத்தை வேறு தொழிலுக்குத் திருப்ப நிர்வாகமே முடிவெடுத்தது. உங்கள் மில்லில் அந்த முடிவை எடுக்கப்போவது நிறுவனர் குடும்பம், உங்கள் 200 பங்கு அல்ல. மில் ஓடும்வரை அந்த 40 ஏக்கர் நூல் நூற்கும் இடம், அவ்வளவே. விற்க வேண்டுமென்றால் மில்லை மூட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். விற்ற பணத்தில் வங்கிக் கடன், தொழிலாளர்களின் பணிக்கொடையும் இழப்பீடும், மூலதன ஆதாய வரி எல்லாம் போன பிறகே மிச்சம். அந்த மிச்சமும் டிவிடெண்டாக வருமா, வேறொரு தொழிலில் போடப்படுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உங்கள் அறிக்கையின் கடன் குறிப்பில், தவணைக் கடன்களுக்கு எல்லா நிலையான சொத்துகளும் அடமானம் என்று இருப்பதையும் கவனியுங்கள்.

பட்டா, பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பதும் முக்கியம். நிறுவனத்தின் பெயரில் பத்திரம் இல்லாத அசையாச் சொத்து இருந்தால் அதைத் தனி அட்டவணையில், யார் பெயரில், எப்போதிலிருந்து, ஏன் என்று காட்ட வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்த அட்டவணை காலியாக இல்லை ஐயா. 3.20 கோடியில் 1.15 கோடி மதிப்புள்ள நிலம், நிறுவனர் குடும்பத்தின் பழைய கூட்டு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. 'பெயர் மாற்றம் நடைபெற்று வருகிறது' என்பது காரணம். புத்தக மதிப்பில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஏக்கர் கணக்கில் எவ்வளவு என்று அறிக்கை சொல்லவில்லை. மருமகனின் 300 கோடி, 40 ஏக்கரும் நிறுவனத்தின் பெயரில் சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு.

நாளையே நிறுவனம் நிலத்தை மறுமதிப்பீடு செய்து 300 கோடி என்று காட்டினாலும் மயங்க வேண்டாம். அப்படிக் காட்டச் சட்டம் அனுமதிக்கிறது. புத்தக மதிப்பு விண்ணைத் தொடும். ஒரு ரூபாயும் உள்ளே வந்திருக்காது, அந்த ஏற்றத்திலிருந்து டிவிடெண்டும் தர முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பைத் திறந்து முதல் பத்தியை வாசியுங்கள். ஆடிட்டர் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் காரோ 2020 என்ற அரசு உத்தரவின்படி, சொத்துப் பதிவேடு சரியாக இருக்கிறதா, சொத்துகளை நேரில் சரிபார்த்தார்களா, பத்திரங்கள் யார் பெயரில், மறுமதிப்பீடு நடந்ததா, பினாமி வழக்கு உண்டா என்று ஆடிட்டர் அங்கே எழுத வேண்டும். அரைப் பக்கம்தான். பிறகு பணப்புழக்க அறிக்கையில் 'சொத்து வாங்கச் செலவிட்டது' என்ற தொகையை, சொத்துக் குறிப்பில் இருக்கும் சேர்ப்போடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் 'இதர நீண்டகாலச் சொத்துகள்' குறிப்பில் மூலதன முன்பணம் என்று ஏதாவது பல ஆண்டாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். இயந்திரம் வராமல் முன்பணம் மட்டும் போனவை அங்கேதான் தங்கும்.

அடுத்து, நீங்கள் ஏற்கெனவே பங்குதாரர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் நிறுவனச் செயலருக்கு மின்னஞ்சலில் கேள்வி அனுப்பலாம். 29 கோடிப் பணி எது, எப்போது முடியும், இந்த ஆண்டு அதில் எவ்வளவு வட்டி சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். 1.15 கோடி நிலம் எத்தனை ஏக்கர், பெயர் மாற்றம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இயந்திரப் புதுப்பிப்புக்கு அடுத்த மூன்று ஆண்டில் எவ்வளவு, எந்தப் பணத்தில் என்றும் கேளுங்கள். மரியாதையாக, குறிப்பு எண்ணோடு கேட்டால் பல நிறுவனங்கள் பதில் தருகின்றன. மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

அந்தப் பதில் வரும்வரை 6 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். நீங்கள் 35 வயதுக்காரராக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். மாதச் சம்பளம் நின்றுபோன ஒருவரின் பணம், எப்போது விற்கும் என்று தெரியாத நிலத்தை நம்பிப் போய் உட்காரக் கூடாது. நிறுவனத்திலிருந்து வரும் பதிலை எனக்கு அனுப்பினால் மருமகனையும் கூட வைத்துக்கொண்டு ஒருமுறை தொலைபேசியில் பேசலாம். நிலத்தை அவர் கவனித்தது நல்ல கண்தான். பத்திர அட்டவணையையும் வயதுவாரி அட்டவணையையும் அவரே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.